இருபத்து நான்காவது பொருள்

நடந்தது இவ்வளவுதான்:

1. யுத்தம் முடிந்த மறு வருஷம், எங்கள் துறைமுகத்துக் குறிசுடும் படையைக் கலைத்தார்கள்.
2. படையின் சரித்திரம் அழிந்துபோகாமல் இருக்க ஒரு கண்ணாடி அலமாரி செய்தார்கள். அதில் வைக்க வீடு வீடாகப் பொருள் கேட்டார்கள்.
3. எங்கள் தெரு இருபத்து மூன்று பொருள்கள் கொடுத்தது.
4. இருபத்து நான்காவது பொருளை வாங்க மறுத்தார்கள்.
5. திறப்பு விழா அன்று என் அத்தை கட்டிய சேலையோடு கடலில் இறங்கி, அப்பா நின்ற வள்ளத்தில் ஏறினாள்.
6. அன்று சாயங்காலமே இருபத்து மூன்று பொருள்களும் தெருவுக்குத் திரும்பிவிட்டன.

ஐந்தாவதை ஊர் வேறு மாதிரி சொல்கிறது. புருஷனைப் பறிகொடுத்தவள், புத்தி கலங்கித் தண்ணீரில் ஓடினாள் என்கிறது. இருபது வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தப்பு. நான் அன்று கடல்பாலத்தின் மேல் நின்றேன். எனக்குப் பதினோரு வயது. கண் நன்றாகத் தெரியும்.

ஆறாம் வகுப்பில் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கும் அந்தக் கடுதாசி வந்திருக்கும். பட்டணத்தில் ஒரு காட்சிசாலை திறக்கப் போகிறார்களாம். குறிசுடும் படையின் நினைவுப் பொருள்களை நன்கொடையாகத் தர வேண்டுமாம். கூடவே ஒரு படிவமும் இருக்கிறது. அதில் மூன்று கட்டங்கள்: சுட்டவர் பெயர், பெற்ற பரிசு, தரும் பொருள். நான் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள். ஒரு அளவு விட்டுப்போன படத்தைக் கொடுத்தால் மேஸ்திரி அதை அப்படியே சுருட்டி என் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது. பூர்த்தி செய்து அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

உங்களில் சிலர் கல்யாணமாகிக் கொழும்புக்கும் கொச்சிக்கும் போய்விட்டீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் புரியும்படி முதலிலிருந்து சொல்கிறேன்.

யுத்த காலத்தில் நம் கடலில் மிதவைக் குண்டுகள் வரும். எங்கோ ஆழத்தில் சங்கிலி போட்டு நிறுத்தியவை, புயலில் அறுத்துக்கொண்டு அலையோடு வந்துவிடும். கறுப்பாக, தார்ப் பீப்பாயைவிடப் பருமனாக, மேலெல்லாம் ஈயக் கொம்புகளோடு இருக்கும். கொம்பில் கப்பல் முட்டினாலும் வெடிக்கும், தோணி முட்டினாலும் வெடிக்கும். தூரத்தில் வள்ளத்தை நிறுத்தி, கொம்பில் படாமல் உடம்பில் சுட்டு ஓட்டை போட வேண்டும். தண்ணீர் ஏறி மூழ்கிவிடும். அதற்காகத்தான் அந்தப் படை. எங்கள் தெருவில் துப்பாக்கியைத் துவக்கு என்பார்கள். அதனால் தெருவுக்கு அது துவக்குப் படை.

ஆள் எடுத்தது உப்பளத்து மேட்டில். பலகை நட்டுச் சுடச் சொன்னார்கள். தேறியது ஆறு பேர். ஆறு பேரும் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் குளியாளிகள். மூச்சை அடக்கத் தெரிந்தவனுக்குக் குறி தவறாது என்று படைக்குத் தலைவராக இருந்த துரை கண்டுபிடித்தார். அது சரியான கண்டுபிடிப்பு. ஆனால் அதில் பாதிதான் அவருக்குத் தெரிந்தது.

மேட்டில் தேறியவர்கள் வள்ளத்தில் தேறவில்லை. முதல் வாரம் சுட்டதெல்லாம் கடலுக்குத்தான் போனது. வள்ளம் தூக்குகிறது, சரிகிறது. நிற்கிறவன் காலும் கூடச் சரிகிறது. அடுத்த வாரம் ஆறு பேரும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே காரியத்தைச் செய்தார்கள். ஆளுக்கு ஒரு மச்சானைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூடப் பிறந்த அண்ணன் தம்பியை நம்பிக்கூட இறங்க மாட்டார்கள். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவனுக்குக் கீழே இருப்பவன் தன் சகோதரியின் தாலி. அவன் கண்ணை எடுக்க மாட்டான். அதே முறையைத்தான் துவக்குக்கும் கொண்டுபோனார்கள். சுடுகிறவர் வள்ளத்தின் முன்பக்கம் நிற்பார். இடுப்பில் ஒரு பட்டை. பின்னால் மச்சான் உட்கார்ந்து, குறுக்குச் சட்டத்தில் இரண்டு காலையும் உதைத்து, பட்டையின் கண்ணிகளைப் பிடித்திருப்பார். வள்ளம் தூக்கும்போது விட்டுக்கொடுப்பார், சரியும்போது இழுத்துப் பிடிப்பார். அலையின் உச்சியில் வள்ளம் ஒரு கணம் சும்மா இருக்கும். அந்தக் கணத்தைக் குறி பார்க்கிறவனால் பார்க்க முடியாது. பின்னால் இருப்பவருக்குத்தான் தெரியும். அவர் “இப்போ” என்பார். விரல் அழுத்தும்.

என் அப்பாவுக்குப் பட்டை பிடித்தது என் மாமா, அம்மாவின் அண்ணன். அந்த மாமாவுக்கு வாக்கப்பட்டவள் அப்பாவின் தங்கை, என் அத்தை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. பட்டையைத் தைத்தது அம்மா. கிழிந்த பாய்த்துணியை நாலாக மடித்து, கோணி ஊசியால் மூன்று நாள் தைத்தாள். பின்னால் இரண்டு கண்ணி, பக்கத்தில் ஒரு முழம் கயிறு தொங்கும். உப்பிலும் துவக்கு எண்ணெயிலும் ஊறி, அது வீட்டுக்கு வந்தாலே தனி வாடை அடிக்கும்.

படையின் பதிவேட்டில் ஆறு பெயர்கள்தான் ஏறின. பிடித்தவர்களுக்கு “வள்ளக்காரர்கள்” என்று ஒரே வரி. அப்போது யாரும் அதைக் கேட்கவில்லை. நம் ஆட்கள் செய்த தப்பு அதுதான். மச்சான் இல்லாமல் ஒருவன் கடலில் நிற்பான் என்று யாராவது நினைப்பார்களா, அதைப் போய் எழுதச் சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டார்கள்.

மாமா போனது யுத்தத்தின் கடைசி ஐப்பசியில். கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று. மாமா “இப்போ” என்றார், அப்பா அழுத்தினார், அதே நேரம் ஒரு அலை குண்டைப் புரட்டிக் கொம்பை மேலே கொண்டுவந்தது. சுடுகிறவர் கண் குறியிலேயே இருக்கும். பிடிக்கிறவர் கண்தான் கடலில் இருக்கும். மாமா பார்த்துவிட்டார். பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. அப்பா வள்ளத்துக்குள் விழுந்தார், குண்டு வெடித்தது. மாமாவை இழுக்க ஆளில்லை.

பதிவேட்டில் அன்றைய தேதிக்கு எதிரே, வள்ளக்காரர் ஒருவர் விபத்தில் இறந்தார் என்று இருந்தது. இரண்டு மாதம் கழித்து அப்பாவுக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். அப்பா வாங்கிக்கொண்டு வந்து, துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்.

இனி அலமாரிக் கதை.

துரை சீமைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கப்பல் ஏறும் முன் படையின் சரித்திரத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று அவருக்கு உண்மையிலேயே ஆசை. அதை நான் குறை சொல்லவில்லை. கடல்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியை வெள்ளையடித்து, பர்மாத் தேக்கில் அலமாரி செய்தார். பொருள் சேகரிக்கும் வேலை சாயர்புரத்திலிருந்து வந்த கிளார்க்கிடம் போனது. ஒல்லியானவர். மடித்த கைக்குட்டையைக் காலருக்குள் வைத்திருப்பார். அவர் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்து, எழுத்து குண்டு குண்டாக எழுதும் ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்டார். டீச்சர் என்னைக் காட்டினார். உங்களில் இரண்டு பேர் அதற்கு அப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. யார் என்று உங்களுக்குத் தெரியும்.

தெரு முனைப் பூவரச மரத்தடியில் மேசை போட்டார்கள். கிளார்க் எனக்கு ஒரு பேனாவும் கார்பன் தாளும் கொடுத்தார். கார்பன் தாளை நான் தொட்டது அன்றுதான் முதல் தடவை. விரலெல்லாம் கறுப்பு.

“எதுக்கு சார் ரெண்டு?”

“ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு தெருவுக்கு. ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு பேசும்.”

தாளின் தலைப்பில் அவரே ஒரு வரி எழுதினார்: பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்டவை; கொடுத்தவர் கேட்டால் திருப்பித் தரப்படும். பிறகு என்னிடம் தள்ளினார். நான் எழுத ஆரம்பித்தேன்.

முதல் எண், வெள்ளிக் கோப்பை, எங்கள் வீடு. அப்பாவே கொண்டுவந்து வைத்தார். நான்கு, துவக்கின் தோல்வார். ஏழு, கரை ஒதுங்கிய ஈயக் கொம்பு, வளைந்தது. பதினான்கு, பயிற்சியில் குறி வைத்துச் சுட்டு, துரை கையெழுத்துப் போட்ட சுடும் அட்டை. ஒன்பது என்னுடையது: சுட்ட பிறகு விழும் பித்தளைத் தோட்டா உறை. நாமெல்லாம் அதை உதட்டில் வைத்து ஊதுவோமே, அந்த ஊதல். ஆளாளுக்கு ஒரு சுதி. சாயங்காலம் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை ஊதுகிறது என்று உள்ளே இருந்தே சொல்லிவிடலாம். என்னுடையதுதான் எல்லாவற்றிலும் கீச்சு. அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. பட்டியலில் என் பெயரும் வர வேண்டுமே என்றுதான் கொடுத்தேன்.

பதினெட்டாவது, ஒரு தார்ப் பீப்பாய் மூடி. கொண்டுவந்தது கருப்பட்டிக் கடை அண்ணாச்சி. உடன்குடிக்காரர். படை பயிற்சிக்குச் சுட்ட பீப்பாய்கள் எல்லாம் அவர் கடைக் கொல்லையிலிருந்து போனவை. மூடியை மேசையில் வைத்துவிட்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“ஏளா, பதினேழு ஓட்டைன்னு எழுதுனியா?”

“எழுதியாச்சு அண்ணாச்சி.”

“ஓரத்துல பதினெட்டாவதா ஒண்ணு இருக்கும். அது ஆணி. அத எழுதிராத. பின்னால எவனாவது வந்து ஆணியச் சுட்ட வீரன் யாருன்னு கேப்பான்.”

கிளார்க் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இருபத்து மூன்று முடிந்தபோது அத்தை வந்தாள். சங்குக் கொட்டகையில் தரம் பிரிக்கிற வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. கையில் பட்டை. துவைக்கவில்லை. ஐப்பசியில் எப்படி வந்ததோ அப்படியே இருந்தது. கறை கறுத்துப்போய்த் துணியோடு துணியாக இருந்தது.

“எழுதுளா. இடுப்புப் பட்டை ஒண்ணு. யாருதுன்னு கேட்டா எம்புருசன் பேரப் போடு.”

நான் இருபத்து நான்கு என்று எண் போட்டேன். கிளார்க் என் கையைத் தடுத்தார். பட்டையை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குள் போனார். துரை உள்ளே இருந்தார். வெகு நேரம் ஆகவில்லை. திரும்பி வந்து பட்டையை மேசையில் வைத்தார்.

“அம்மா, இது படைச் சாமான் இல்லையாம். மீன்பிடிச் சாமானாம்.”

“மீனா? எம்புருசன் எந்த மீனப் பிடிச்சாவ? எங்க அண்ணனத்தான பிடிச்சாவ.”

“படையில இருந்தவங்க பொருள் மட்டும்தான் அலமாரிக்குப் போகும்னு சொல்லுதாரு. அவரு படையில இல்ல.”

“படையில இல்லாதவன் எப்படிப் படையில செத்தான்னு கேளுங்க.”

கிளார்க் உள்ளே போகவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: “விடு தாயி. கயிறக் கண்ணாடிக்குள்ள வச்சா கோப்ப சின்னதாத் தெரியும்னு துரைக்குப் பயம்.”

அத்தை சிரிக்கவில்லை. பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். என் தாளில் இருபத்து நான்கு என்ற எண் மட்டும் நின்றது. எதிரே ஒன்றுமில்லை. கார்பன் பிரதியிலும் அப்படியே விழுந்திருந்தது.

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா வாசலில் உட்கார்ந்து, சங்கில் ஒட்டிய சிப்பியைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நீ துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லு.”

“பாப்பம்.”

“பாப்பம்னா?”

“பாப்பம்ளா.”

அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்: “எங்க அண்ணன் உசிரக் குடுத்தாவ. இவியளுக்கு ஒரு வார்த்தை குடுக்க முடியல.”

அப்பா சங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார். துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் போட் ஓட்டும் வேலைக்கு அவர் பெயரைத் துரை சிபாரிசு செய்திருந்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குளிக்கிறவனுக்கு வயது ஆக ஆகக் காதில் சீழ் வடியும். அப்பாவுக்கு வடிய ஆரம்பித்திருந்தது. இதெல்லாம் எனக்கு அப்போது ஒரு பொருட்டில்லை. என் நோட்டில் அன்றைய பக்கத்தில் மூன்று வரி எழுதினேன். ஒன்று, அத்தை கேட்டாள். இரண்டு, அப்பா சொல்லவில்லை. மூன்று, அப்பா பயந்தவர். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது வரியை அடித்திருக்கிறேன். அழிக்கவில்லை. அடித்ததும் தெரிய வேண்டும்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த பிறகு. ஆனி மாதம். கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. வாசலில் தென்னங்குருத்துத் தோரணம். உள்ளே புது வார்னிஷ் நாற்றம். அலமாரியின் நடுத்தட்டில் கோப்பை. அதற்குக் கீழே கிளார்க் டைப் அடித்த இங்கிலீஷ் அட்டையும் நான் எழுதிய தமிழ் அட்டையும். என் எழுத்து கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

விருந்தாளிகளுக்கு முன்னால் அப்பா கடலில் சுட்டுக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. கடல்பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு பீப்பாய் மிதந்தது. வள்ளத்தில் பின்பக்கம் துடுப்புக்கு இரண்டு பேர், முன்பக்கம் அப்பா மட்டும். போட்டோவில் ஒற்றை ஆளாக விழ வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

அன்று காலை நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். பூசைக்குப் புறப்படும்போது அப்பா அத்தையிடம், “அதத் தா” என்றார். அத்தை எதை என்று கேட்கவில்லை. பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா அதைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டார். துரையைத் திருப்திப்படுத்த அதைக் கடலில் போட்டுவிடப் போகிறார் என்று நான் நினைத்தேன். பூசை முழுவதும் எனக்கு ஜெபம் ஓடவில்லை.

அப்பா சுட்டார். தண்ணீர் பீப்பாய்க்கு வலப்பக்கம் தெறித்தது. மறுபடி சுட்டார். மேலே போயிற்று. பாலத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துரை தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார்.

அப்பா துவக்கை இடக்கையில் மாற்றினார். சட்டையை மேலே தூக்கினார். பட்டையிலிருந்து தொங்கிய ஒரு முழக் கயிற்றைக் கையில் எடுத்து, கரையைப் பார்த்து, இரண்டு தடவை இழுத்தார்.

விருந்தாளிகளுக்கு அது என்னவென்று தெரியாது. எங்கள் தெருவில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆழத்தில் இருக்கும் குளியாளி கயிற்றை இரண்டு தடவை இழுத்தால், மூச்சு முடிந்தது, தூக்கு என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகு மேலே இருப்பவர் வேறு எதையும் யோசிக்கக் கூடாது.

அத்தை யோசிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாலத்தின் படியில் இறங்கினாள். அங்கே ஆழம் கிடையாது, நெஞ்சளவுதான். நடந்தாள், கொஞ்சம் நீந்தினாள். துடுப்புக்காரர் ஒருவர் கை கொடுத்தார். ஏறினாள். அவள் ஓடவில்லை. கூச்சலிடவில்லை. புத்தி எங்கேயும் கலங்கவில்லை. கூப்பிட்டார், போனாள்.

காற்று கடல் பக்கம் வீசியதால் அங்கே பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. பிற்பாடு அத்தை சொன்னாள். முதலில் அவள் பட்டையை இறுக்கிப் பிடித்துவிட்டாளாம். குண்டு மறுபடி தண்ணீரில் விழுந்தது. அப்பா திரும்பாமலே சொன்னாராம்:

“இறுக்காதளா. ஆட்டுக்குட்டியவா பிடிக்கிற? வள்ளம் தூக்கும்போ கூட வா.”

“நான் என்ன தினமுமா பிடிக்கேன்?”

“அவன் எங்கன கால் வச்சிருந்தானோ, அங்கன வை.”

குறுக்குச் சட்டத்தில் இரண்டு இடம் தேய்ந்து வழுவழு என்று இருந்ததாம். மாமாவின் குதிகால் பட்ட இடம். அத்தை அங்கே காலை வைத்தாள். வள்ளம் மூன்று தடவை தூக்கியது; மூன்று தடவையும் சும்மா கூடப் போனாள். நாலாவது தடவை வாயிலிருந்து தானாக வந்ததாம்.

“இப்போ.”

பீப்பாய் துள்ளியது. வெற்றுப் பீப்பாயில் குண்டு பாயும் சத்தம் எதிர்க்காற்றிலும் எங்கள் காதுக்கு வந்தது. அடுத்ததும் பட்டது. அதற்கடுத்ததும். பீப்பாய் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் குடித்து மெல்ல மூழ்கியது. பாலத்தில் கைதட்டினார்கள். எங்கள் தெருப் பெண்கள் யாரும் கைதட்டவில்லை. அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது.

கரைக்கு வந்ததும் துரை அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தை நனைந்த சேலையோடு, அப்பா அவிழ்த்துக் கொடுத்த பட்டையை ஏந்திக்கொண்டு, நேராகக் கிளார்க் முன்னால் போய் நின்றாள்.

“இப்ப எழுதச் சொல்லுங்க.”

கிளார்க் துரையிடம் சொன்னார். துரை இங்கிலீஷில் மெதுவாக, தலையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார். முகத்தில் கோபமில்லை. இரக்கம் இருந்தது. இன்று நினைத்தால் அந்த இரக்கத்தின் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

“உங்க துக்கம் புரியுதாம். ஆனா பதிவேட்டத் திருத்த முடியாதாம்.”

“திருத்த வேண்டாம். சேக்கச் சொல்லுங்க.”

கிளார்க் மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில்.

“சேர்க்கவும் முடியாதாம்.”

அப்பா துவக்கைக் கிளார்க்கின் மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்து, “ஏளா, தாள் எங்க?” என்றார்.

என் பாவாடை மடிப்பில் இருந்தது. தெருவுக்கான பிரதி. நான் அதை விட்டு எங்கேயும் போகமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“படி.”

“ஒண்ணு. வெள்ளிக் கோப்பை.”

அப்பா உள்ளே போனார். அலமாரியைத் திறந்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். துரை கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் தன் பிரதியை எடுத்து விரித்தார். மேலே தான் எழுதிய வரியைத் துரைக்கு விரலால் காட்டினார். பிறகு பென்சிலை எடுத்தார். முனை மழுங்கியிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பையிலிருந்து பிளேடை எடுத்து, அவசரப்படாமல் சீவினார். முதல் எண்ணுக்கு எதிரே ஒரு கோடு போட்டார்.

“அடுத்தது வாசிம்மா.”

வாசித்தேன். இரண்டு. மூன்று. நான்கு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்தார், உங்கள் அம்மாமார்தான். எண்ணைச் சொன்னதும் உள்ளே போய் எடுத்து வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. பதினெட்டுக்கு அண்ணாச்சி மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தார். அப்போதுதான் ஒரு சிரிப்பு எழுந்தது. இருபத்து மூன்று வரை படித்தேன். பிறகு, இருபத்து நான்கு என்றும் படித்தேன்.

“அது எங்கிட்ட இருக்கு,” என்றாள் அத்தை.

அலமாரியில் துரையின் பழைய தொப்பியும் இரண்டு கொடிகளும் மிஞ்சின.

அவரவர் எடுத்துவந்த பொருள்களெல்லாம் ஒன்றாக மூன்று நாள் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. பிறகு அண்ணாச்சி தன் கருப்பட்டிக் கிட்டங்கியில் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார். “எறும்பு வந்தா எம்மேல பழி போடக் கூடாது, சொல்லிட்டேன்” என்றார். எறும்பு வந்தது. அட்டைகளை நான் மறுபடி எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு பெயர்கள்: சுட்டவர், பிடித்தவர். இரண்டும் ஒரே அளவு எழுத்து. அதற்காக வீடு வீடாகப் போய் ஆறு மச்சான்மார்களின் முழுப் பெயரையும் கேட்டு எழுதினேன். இதில் நான் யார் பெயரையும் எழுதாததைக் கவனித்திருப்பீர்கள். அட்டைகளில் இருக்கின்றன. நேரில் வந்து படியுங்கள்.

பைலட் போட் வேலை வேறொருவருக்குப் போனது. அப்பா மறுபடி சங்குக்குப் போனார். அம்மாவின் தம்பி கயிறு பிடித்தார். நான்கு வருஷத்தில் அப்பாவுக்கு வலது காது முழுவதுமாகப் போய்விட்டது. முதல் இரண்டு குண்டையும் வேண்டுமென்றேதான் தவறவிட்டீர்களா என்று அவருடைய இடது காதில் ஒரு தடவை கேட்டேன்.

“தவறுனது தவறுனதுதான். அவன் இல்லாம எப்படிப் படும்?”

கோப்பை வாங்கிய அன்றே ஏன் மாமா பெயரைச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவரிடம் அதற்கு ஒரு பதில் இருந்திருக்கும், அது எனக்குப் பிடிக்காமல் போயிருக்கும். போன வருஷம் அவர் இறந்தபோது கோயிலில் எல்லோரும் அவரைக் குறி தவறாதவர் என்றார்கள். அத்தை மட்டும், “ஒத்தையில நின்னா தவறும்” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

இப்போது காட்சிசாலைக்காரர்களின் கடுதாசி. கோப்பை வேண்டுமாம், தோல்வார் வேண்டுமாம், சுடும் அட்டை வேண்டுமாம். துணிப்பட்டை போன்ற “இதர சாமான்கள்” தேவையில்லையாம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். ஒரு வீடு கொடுத்தால் மற்ற வீடும் கொடுக்கும் என்று நினைத்திருப்பார்கள். நான் பதில் எழுதிவிட்டேன். அவர்கள் படிவத்திலேயே அடிமட்டம் வைத்து நான்காவதாக ஒரு கட்டம் கோடு போட்டேன். தலைப்பு: பிடித்தவர் பெயர். இந்தக் கட்டத்தோடு படிவம் அச்சாகி வந்தால் இருபத்து நான்கு பொருளைப் பற்றியும் பேசலாம். வராவிட்டால் ஒன்றைப் பற்றியும் பேச வேண்டாம் என்று எழுதி, பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டுக்கு வந்த படிவத்திலும் அந்தக் கோட்டைப் போடுங்கள். அடிமட்டம் இல்லாதவர்கள் என்னிடம் கொடுங்கள்.

இன்றைய நிலவரம் இது. பட்டியலில் உள்ளவை இருபத்து நான்கு. இருப்பவை இருபத்தொன்று. காணாமல் போனவை ஒன்பது, பதினான்கு, இருபது. ஒன்பதாவது என் ஊதல், கடைசியாக வாங்கி ஊதியவர் உங்களில் ஒருவர். சுடும் அட்டை கறையானுக்குப் போனது. அது இல்லை என்று காட்சிசாலைக்கும் சொல்லவில்லை, தேவையும் இல்லை. இருபதாவது ஒரு போட்டோ, இரவல் போய்த் திரும்பவில்லை. அறை கருப்பட்டிக் கிட்டங்கியின் பின்னால் அதே இடத்தில் இருக்கிறது. ஞாயிறு பூசைக்குப் பிறகு திறக்கும். நடுத்தட்டில் பட்டை இருக்கிறது. கோப்பை அதற்குப் பக்கத்தில். அட்டைகளில் பன்னிரண்டு பெயர்கள். சாவி அத்தையின் இடுப்பில்.